கை கழுவியவர் யார்?

நஞ்சு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பாம்பின் பல், அரளி விதை, எலிப் பாஷாணம். கூலிக்காகப் போன இடத்தில், மூச்சோடு மூச்சாக, நாளுக்கொரு துளியாக உடலில் இறங்கும் நஞ்சை நாம் நஞ்சென்று எண்ணுவதில்லை. ஒருவன் இருமினால் பீடி என்கிறோம். கை நடுங்கினால் குடி என்கிறோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தால் கண்டதைத் தின்றிருப்பான் என்கிறோம். ஆலைச் சொந்தக்காரருக்கும் இந்தப் பேச்சு வசதியாகத்தான் இருக்கிறது. இப்படிச் சொல்லியே தப்பித்து வந்த அமெரிக்க முதலாளிகளை, ஆலை ஆலையாக ஏறி இறங்கி, நோயாளிகளை ஆள் ஆளாக எண்ணி, கணக்கோடு எதிர்கொண்ட ஒரு பெண்மணியின் வரலாற்றை இன்று தோழர்கள் முன் வைக்கிறோம். அவர் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன்.

அவர் ஏழை வீட்டுப் பெண் அல்லர். 1869ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்து, இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்ன் நகரில், பாட்டனார் சேர்த்து வைத்த செல்வத்தின் நிழலில் வளர்ந்தவர். தந்தையின் மொத்த மளிகை வியாபாரம் நொடித்துப் போனது. வீட்டுப் பெண்கள் தாமே உழைத்து வாழ வேண்டும் என்ற நிலை வந்தது. அக்காள் ஈடித் பழங்கிரேக்கரைப் பற்றி நூல்கள் எழுதி உலகப் புகழ் பெற்றார். தங்கை ஆலிஸ் மருத்துவம் படித்தார்; 1893ல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்காக அக்காளும் தங்கையும் ஜெர்மனிக்குப் போனார்கள். அங்கே பெண்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பிறர் கண்ணில் படாமல் ஒதுங்கி உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள். அந்த அளவுக்கு இருந்தது அன்றைய அறிவுலகத்தின் பெருந்தன்மை!

1897ல் சிக்காகோவுக்கு வந்தார். பகலில் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியை. குடியிருப்பு ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தில். படித்தவர்கள் ஏழைகள் வாழும் பகுதிக்கே சென்று, அவர்களுக்கு அண்டை வீட்டாராக வாழ்ந்து பணிபுரிய வேண்டும் என்று ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1889ல் தொடங்கிய இல்லம் அது. இத்தாலியர், கிரேக்கர், போலந்துக்காரர், ருஷ்ய யூதர் என்று பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே 22 ஆண்டுகள் வாழ்ந்தார். குழந்தைகளைக் குளிப்பாட்டினார், தாய்மாருக்கு மருத்துவம் சொன்னார். அந்த வீடுகளில்தான் அவர் வேறொன்றையும் கண்டார். முப்பது வயதில் முதியவராகிவிட்ட ஆண்கள். மணிக்கட்டு செத்துத் தொங்கும் கைகள்.

அவர் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுவோம். 1902ல் அந்தப் பகுதியில் விஷக் காய்ச்சல் பரவியது. வெட்ட வெளிக் கழிவிடங்களில் மொய்க்கும் ஈக்களைப் பிடித்துச் சோதித்தார். அவற்றில் காய்ச்சல் கிருமி இருப்பதைக் கண்டார். ஈதான் காரணம் என்று எழுதினார். பெரும் பாராட்டு. பின்னால் தெரிய வந்தது, குழாய் உடைந்து சாக்கடை குடிநீரில் கலந்திருக்கிறது. அதை நகர அதிகாரிகள் மூடி மறைத்திருக்கிறார்கள். தம் முடிவு தவறு என்பதை அம்மையார் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். பிற்காலத்தில் அவர் எந்த ஆலை முதலாளியின் சொல்லையும் எந்த அதிகாரியின் சொல்லையும் அப்படியே ஏற்காமல் நேரில் போய்ப் பார்த்ததற்கு, இந்த ஈ கற்றுக்கொடுத்த பாடமும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இங்கிலாந்தில் தாமஸ் ஆலிவர் என்ற மருத்துவர் ஆபத்தான தொழில்களைப் பற்றி எழுதிய பெருநூலை அவர் படித்தார். நம் நாட்டு நிலை என்ன என்று அமெரிக்க மருத்துவர்களைக் கேட்டார். நம் ஆலைகள் உயர்ந்தவை, ஐரோப்பாவில் நடப்பதெல்லாம் இங்கே நடக்காது என்று பதில் கிடைத்தது. பார்த்துச் சொன்ன பதிலா அது? எவரும் பார்த்ததே இல்லை!

இல்லினாய் மாநில அரசு தொழில் நோய்களை ஆராய ஒரு குழுவை ஏற்படுத்தி, 1910ல் ஆய்வை நடத்தும் பொறுப்பை அவரிடம் தந்தது. எந்தெந்த ஆலையில் என்னென்ன நஞ்சு புழங்குகிறது என்ற பட்டியல்கூட அரசிடம் இல்லை. மருத்துவமனை ஏடுகளைப் புரட்டினார்கள். மருந்துக் கடைக்காரரை, பாதிரியாரை, பிணப்பெட்டி செய்பவரைக்கூடப் போய்க் கேட்டார்கள். வீடு வீடாகப் படியேறினார்கள். அம்மையார் முதலில் கைவைத்தது காரீயத்தில்.

காரீயம் என்றால், நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் அல்ல, அது வெள்ளீயம். துப்பாக்கிக் குண்டுக்கும் பாட்டரித் தகட்டுக்கும் ஆகும் கனத்த கறுப்பு உலோகம் காரீயம். உருக்கினால் புகையாகவும் அரைத்தால் தூசியாகவும் மூச்சில் ஏறும். இரத்தத்தைக் கெடுத்து ஆளை வெளிறச் செய்யும். ஈறில் நீலக் கறுப்பாக ஒரு கோடு விழும். குடலை முறுக்கிப் பிழியும் வலி வரும். நரம்பு செத்து மணிக்கட்டு தொங்கும். மூளைக்கு ஏறினால் வலிப்பு, பித்து, சாவு. பெண்களுக்குக் கருச்சிதைவு, குழந்தைகளுக்கு அறிவு மழுக்கம். எலும்பில் சுண்ணாம்புச் சத்து படிகிற இடத்தில் திருட்டுத்தனமாக இதுவும் படிந்து பல ஆண்டுகள் தங்கும். வேலையை விட்டு வந்தாலும் வேலை அவனை விடாது.

ஓர் எடுத்துக்காட்டு. குளியல் தொட்டிக்கு வெள்ளைப் பூச்சு ஏற்றும் ஆலையில் வேலை பார்த்த ஒரு போலந்துத் தொழிலாளி காரீய நோயோடு வந்தார். அந்தத் தொழிலில் காரீயம் இருப்பதாக எவரும் அதுவரை சொன்னதில்லை. அம்மையார் ஆலைக்குப் போனார். சுற்றிக் காட்டினார்கள், எல்லாம் சுத்தமாக இருந்தது. விட்டாரா? நோயாளியைத் தேடிப் போய்க் கேட்டார். அம்மா, நீங்கள் பார்த்தது கடைசியில் மெருகு பார்க்கும் கூடம், பூச்சு ஏற்றும் இடத்தையே உங்களுக்குக் காட்டவில்லை என்பதை அவர் விளக்கினார். இரும்புத் தொட்டியைச் சூளையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அதன்மேல் கண்ணாடிப் பொடியைத் தூவுவார்கள்; அது உருகிப் படிந்து பளபளக்கும். அந்தப் பொடியில்தான் காரீயம். அனல் தாங்காமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் மனிதன் அந்தப் புழுதியைத்தான் குடித்துக்கொண்டிருந்தான். சீமான் வீட்டுக் குளியலறையின் வெண்மை அவன் நுரையீரல் வழியாக வந்தது!

இல்லினாயில் காரீயம் புழங்கும் எழுபதுக்கும் மேற்பட்ட வேலைகளைக் கண்டுபிடித்தார். காரீய நோய் கண்டவர் 578 பேர் என்று கணக்குக் காட்டினார்.

முதலாளிகள் என்ன சொன்னார்கள்? தொழிலாளி கை கழுவாமல் ரொட்டி தின்கிறான், அதனால் நோய் வருகிறது என்றார்கள். குடிக்கிறான் என்றார்கள். நாகரிகம் தெரியாத நாட்டிலிருந்து வந்தவன் என்றார்கள். ஆலை மருத்துவர்களும் பின்பாட்டுப் பாடினார்கள். கை கழுவ வேண்டாம் என்று அம்மையார் சொல்லவில்லை, கழுவியே ஆகவேண்டும். ஆனால் மூச்சை எந்தத் தண்ணீரில் கழுவுவது? அவர் ஒரு கணக்கை எடுத்து வைத்தார். இங்கிலாந்தில் ஓர் ஆலை, வெள்ளை வர்ணத்துக்கான காரீயப் பொடி செய்கிறது, 90 தொழிலாளர், அடுத்தடுத்து ஐந்து ஆண்டுகளில் ஒருவருக்குக்கூடக் காரீய நோய் இல்லை. அமெரிக்காவில் அதே பொடி செய்யும் ஓர் ஆலை, 85 தொழிலாளர், ஆறே மாதத்தில் 35 பேருக்கு நோய். காரீயம் ஒன்றுதான். மனிதர் கையும் ஒன்றுதான். வேறுபட்டது எது? அங்கே தூசியை அடக்கச் சட்டம் இருந்தது, இங்கே இல்லை. தொழிலாளி கை கழுவவில்லை என்று குற்றம் சாட்டியவர்கள், அவன் படுத்தவுடன் கப்பலிலிருந்து புதிதாக இறங்கிய ஆளை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பழைய ஆளைக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

1911ல் இல்லினாயில் சட்டம் வந்தது. காரீயம் முதலிய நஞ்சுகள் புழங்கும் ஆலைகளில் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். தொழிலாளரை மாதந்தோறும் மருத்துவர் சோதிக்க வேண்டும். நோய் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கிடையே 1910ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த உலக மாநாட்டில், அமெரிக்காவில் தொழில் சுகாதாரம் என்ற ஒன்றே கிடையாது என்று பெல்ஜிய அதிகாரி ஒருவர் சபையறியச் சொன்னதை அம்மையார் தலைகுனிந்து கேட்டிருந்தார். அங்கேயே நாடு முழுதும் ஆராயும் வேலைக்கு மத்திய அரசின் அழைப்பு வந்தது. மாதச் சம்பளம் இல்லை. அறிக்கை முடித்துத் தந்தால் அரசு விலை கொடுக்கும். ஆலைக்குள் நுழையும் அதிகாரமும் இல்லை. முதலாளி கதவைத் திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வர்ணப் பொடி ஆலைகளுக்குப் போனார். காரீயத் தகடுகளைக் காடி ஊற்றிய பானைகளின் மேல் அடுக்கி, மாதக்கணக்கில் மூடி வைத்து, பூத்து வரும் வெள்ளையைச் சுரண்டி எடுத்து, காயவைத்து அரைப்பது அன்றைய முறை. நேஷனல் லெட் கம்பெனி இத்தொழிலில் மிகப் பெரியது. அதன் பெரிய அதிகாரியாக இருந்து பின்னர் தலைவரான எட்வர்ட் கார்னிஷிடம், உங்கள் ஆட்கள் நஞ்சுண்டு கிடக்கிறார்கள் என்று அம்மையார் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் சினந்தார், நம்பவில்லை, மெய்ப்பித்துக் காட்டுங்கள், நீங்கள் சொன்னபடி செய்கிறேன் என்றார். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றிய 22 பேரின் விவரத்தோடு அம்மையார் திரும்பி வந்தார். கார்னிஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்; தூசியை அடக்கவும் மருத்துவர் வைக்கவும் தம் ஆலைகளில் ஏற்பாடு செய்தார். முதலாளியிலும் சொல் தவறாதவர் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு சீமான் சொல் தவறாதவராக வாய்த்தால்தான் தொழிலாளியின் மணிக்கட்டு பிழைக்கும் என்றால், வாய்க்காத ஊரில் உள்ளவன் கதி என்ன?

அச்சகத் தொழிலாளரின் நலத்தையும் அவர் ஆராய்ந்தார். 1917ல் அறிக்கை வந்தது. நம்மைப் போன்ற ஏடுகளும் ஒரு காலத்தில் காரீய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சானவைதாம். கம்பாசிட்டர் விரல் நுனியின் கறுப்பை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் உலகப் போரின்போது வெடிமருந்து ஆலைகளைப் பார்வையிட்டார். இருப்பிடத்தை இரகசியமாக வைத்திருந்தார்கள். அம்மையார் வானத்தைப் பார்த்தார். மஞ்சள் புகை எங்கே எழுகிறதோ அங்கே போனார். ரயில் நிலையங்களில் தோலும் முடியும் மஞ்சளேறிய ஆட்களைக் கண்டால் போதும், ஆலை அருகில்தான்.

1919ல் ஹார்வர்ட் பல்கலைக் கழகம் அவரை உதவிப் பேராசிரியராக அழைத்தது. தொழில் நஞ்சுகளைப் பற்றி அவரளவு அறிந்த ஆண் கிடைக்காததால் வந்த அழைப்பு. அங்கே ஆசிரியப் பதவி பெற்ற முதல் பெண் அவர்தான். விதித்த நிபந்தனைகளைக் கேளுங்கள்: ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்துப் போட்டிக்குச் சலுகைச் சீட்டுக் கேட்கக்கூடாது! 1935ல் ஓய்வு பெறும்போதும் அவர் உதவிப் பேராசிரியரே. அந்த மருத்துவக் கல்லூரி பெண்களை மாணவியராகச் சேர்த்ததே 1945ல்தான்.

எல்லாவற்றிலும் அவர் வெல்லவில்லை. எஞ்சின் தட்டாமல் ஓடப் பெட்ரோலில் காரீயக் கலவை ஒன்றைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். 1924 அக்டோபரில், நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் ஆலையில் அந்தக் கலவையைச் செய்த தொழிலாளர் பித்துப் பிடித்து அலறினர், ஐவர் மாண்டனர். அளவுக்கு மீறி உழைத்ததால் பைத்தியம் பிடித்திருக்கலாம் என்று கம்பெனித் தரப்பில் சொன்னார்கள். மீண்டும் அதே பாட்டு! 1925 மே 20ல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் அம்மையார் எழுந்து எதிர்த்தார். ஆலைக்குள் எவ்வளவு காவல் வைத்தாலும் காரீயம் உள்ள இடத்தில் நோய் வந்தே தீரும். இதுவோ தெருவெல்லாம் தூவப்படப் போகிறது என்று எச்சரித்தார். சில மாத ஆய்வோடு அரசு அமைதி கொண்டது; 1926ல் விற்பனை மறுபடி தொடங்கியது. அமெரிக்கா தன் சாலை வண்டிகளுக்கு அதை முற்றிலும் தடுத்தது 1996ல். இந்தியா கைவிட்டது 2000ல். உலகில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021ல். இடைப்பட்ட 95 ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள்!

அம்மையார் ஓயவில்லை. பாதரசத்தால் கை நடுங்கிய தொப்பித் தொழிலாளரைப் போய்ப் பார்த்தார். செயற்கைப் பட்டு ஆலைகளில் கார்பன் டைசல்பைடு ஆவியால் பித்தரானவர்களை, எழுபது வயதை நெருங்கும் காலத்தில், பென்சில்வேனியாவில் ஊர் ஊராகத் தேடிக் கணக்கெடுத்தார்.

கனெக்டிகட் மாநிலத்து ஹாட்லைம் என்ற சிற்றூரில் 1970 செப்டம்பர் 22ஆம் நாள் தம் 101ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 29ல், அமெரிக்கா முழுதுக்குமான தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. ஆலைக்குள் நுழைந்து பார்க்கும் அதிகாரம் அரசின் ஆய்வாளருக்கு உண்டு என்று அதில் எழுதினார்கள். 1911ல் அம்மையார் கையில் இல்லாமல் இருந்தது அதுதான்.