அப்பாவா, கணவரா? இங்கிலாந்து ஆட்சியையே மாற்றிய ஒரு கல்யாணம்.. யார் இந்த ராணி இரண்டாம் மேரி?

இங்கிலாந்தில் மன்னரை விட நாடாளுமன்றமே பெரியது என்ற நிலை வந்ததற்குப் பின்னால் ஒரு குடும்பச் சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையின் நடுவில் மாட்டிக்கொண்டவர்தான் ராணி இரண்டாம் மேரி.

1662ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர் மேரி. அப்பா ஜேம்ஸ், அப்போதைய மன்னர் இரண்டாம் சார்லஸின் தம்பி. மன்னருக்கு முறைப்படி வாரிசு இல்லை. அதனால் அடுத்து அரியணை ஜேம்ஸுக்குத்தான். ஆனால் அவர் கத்தோலிக்க மதத்துக்கு மாறியிருந்தார். புராட்டஸ்டன்ட் நாடான இங்கிலாந்தில் அது பெரிய அதிருப்தியைக் கிளப்பியது.

எதற்காக இந்தக் கல்யாணம்?

மக்களைச் சமாதானப்படுத்த, புராட்டஸ்டன்ட் மாப்பிள்ளை ஒருவரைப் பார்த்தார் சார்லஸ். அவர்தான் நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசர் வில்லியம். பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தவர். மேரிக்கு அவர் சொந்த அத்தை மகன், அதாவது முறைப்பையன்.

ஜேம்ஸுக்கு இதில் பெரிய விருப்பம் இல்லை. ஆனாலும் அண்ணன் பேச்சைத் தட்ட முடியவில்லை. மேரியிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை. விஷயம் தெரிந்ததும் அன்று மதியம் முழுக்க, மறுநாளும் அழுதுகொண்டே இருந்தாராம். 1677 நவம்பர் 4ஆம் தேதி கல்யாணம் முடிந்தது. மணப்பெண்ணுக்கு 15 வயது, மாப்பிள்ளைக்கு 27.

நெதர்லாந்து மக்களுக்கு மேரியை ரொம்பவே பிடித்துப்போனது. மேரிக்கும் கணவர் மீது மெல்ல மெல்லப் பிரியம் வந்தது. ஆனால் கரு கலைந்துபோனதற்குப் பிறகு, அவர்களுக்குக் கடைசி வரை குழந்தை இல்லை.

மாமனாருக்கு எதிராகக் கிளம்பிய மருமகன்

1685இல் ஜேம்ஸ் மன்னரானார். 1688 ஜூனில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். இனி கத்தோலிக்க மன்னர்கள்தான் என்று பயந்த முக்கியப் புள்ளிகள் 7 பேர், வில்லியமுக்கு ரகசியமாக அழைப்புக் கடிதம் அனுப்பினர். நவம்பர் 5ஆம் தேதி வில்லியம் படையோடு இங்கிலாந்தில் இறங்கினார்.

ஜேம்ஸ் அவருக்கு மாமனார் மட்டுமல்ல, தாய்மாமாவும்கூட. மேரி கணவர் பக்கம் நின்றார். படைத் தளபதிகளும் இளைய மகள் ஆனியும் கைவிட்ட நிலையில், ஜேம்ஸ் பிரான்ஸுக்குத் தப்பிப் போனார்.

தனி ராணியாக மறுத்தது ஏன்?

மேரி மட்டுமே ராணியாக வேண்டும் என்று ஒரு தரப்பு சொன்னது. மேரி ஒப்புக்கொள்ளவில்லை. மனைவிக்குக் கீழே இருக்க வில்லியமும் தயாராக இல்லை. கடைசியில், 1689 பிப்ரவரியில் இருவருக்கும் சேர்த்தே கிரீடம் தரப்பட்டது. ஆட்சி அதிகாரம் மட்டும் வில்லியம் கையில்.

ஆனால் நாடாளுமன்றம் அதைச் சும்மா கொடுக்கவில்லை. அதன் ஒப்புதல் இல்லாமல் மன்னர் வரி போடக்கூடாது, சட்டத்தை நிறுத்திவைக்கக்கூடாது, அமைதிக் காலத்தில் படை வைத்திருக்கக்கூடாது என்று வரம்பு கட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் இது உரிமைகள் சட்டமாக வந்தது. இன்றும் பிரிட்டன் அரசியலமைப்பின் அடித்தளங்களில் ஒன்று இது.

அப்பாவும் கணவரும் ஒரே களத்தில்

1690இல் அயர்லாந்தின் பாய்ன் நதிக்கரையில் ஜேம்ஸும் வில்லியமும் நேருக்கு நேர் மோதினர். லண்டனில் இருந்து ஆட்சியை நடத்தியது மேரி. யார் ஜெயித்தாலும் அவருக்கு இழப்புதான். வில்லியம் ஜெயித்தார். ஜேம்ஸ் மறுபடியும் பிரான்ஸுக்கு ஓடினார். ஜேம்ஸின் ஆதரவாளர்கள் மேரியை நன்றிகெட்ட மகள் என்றே திட்டினார்கள். வில்லியம் வெளிநாடு போகும்போதெல்லாம் ஆட்சியைத் திறமையாகக் கவனித்த மேரி, அவர் திரும்பியதும் பொறுப்பை ஒப்படைத்துவிடுவார்.

1694 டிசம்பர் 28ஆம் தேதி பெரியம்மை தாக்கி மேரி இறந்தார். வயது 32தான். எளிதில் உணர்ச்சியைக் காட்டாத வில்லியம் உடைந்துபோனார். மறுமணமே செய்துகொள்ளவில்லை. 1702இல் அவர் இறந்தபோது, மேரியின் தலைமுடி அவர் உடலோடு இருந்தது.

பிரான்ஸில் இருந்த அப்பா ஜேம்ஸோ, மகளுக்காக யாரும் துக்கம் அனுசரிக்கக்கூடாது என்று தன் அரசவைக்குத் தடை போட்டார்.