நீல நிறத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்



அறிவியல் பாடத்தில் கரைசலின் செறிவு என்று ஒரு கணக்கு வரும். 100 கிராம் கரைசலில் 10 கிராம் உப்பு இருந்தால் அது 10 சதவீதக் கரைசல். இதெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது என்று நம்மில் பல பேர் முணுமுணுப்போம். ஆனால் எதில் எது எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடித்தே பல கோடி உயிர்களுக்கு நன்மை செய்த ஒருவர் இருந்தார். அவர்தான் டாக்டர் எல்லப்பிரகடா சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். அது இப்போது ஆந்திராவில் இருக்கிறது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. வீட்டில் கஷ்டம். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை பெயில்! சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் தடவைதான் பாஸ் பண்ணினார். ஒரு தடவை மார்க் குறைந்ததற்கே அழும் நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார. காந்திஜி சொன்னபடி கதர் உடுத்திப் போனார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அந்தக் காலத்தில் அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் ஸ்ப்ரூ என்ற வயிற்று நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். அவருக்கும் அந்த நோய் வந்து பிழைத்தார். இதற்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் மனசில் விழுந்தது.

1920களின் தொடக்கத்தில் மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்கா போனார். ராத்திரியில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கழிவுப் பாத்திரங்களைக் கழுவும் வேலை செய்துகொண்டே படித்தார். பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிஸ்க் என்ற ஆசிரியரோடு ஆராய்ச்சி செய்தார்.

இப்போது நம்ம கணக்குக்கு வருவோம். ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பேரும் 1925ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ரத்தத்தில் உள்ள புரதத்தை நீக்கிவிட்டு மாலிப்டேட் என்ற பொருளையும் இன்னொரு மருந்தையும் சேர்த்தால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் அதிகம் என்றால் நீலமும் அதிகம்.

டம்ளரில் கொஞ்சமாக ஊற்றிய கடுங்காப்பியை மேலே இருந்து பார்த்தால் வெளிறித் தெரியும். அதையே நிறைய ஊற்றினால் கருப்பாகத் தெரியும், இல்லையா? அதேதான் இங்கேயும். அளவு தெரிந்த கரைசலையும் அளவு தெரியாத கரைசலையும் பக்கத்தில் வைத்து, நிறம் ஒன்றாகத் தெரியும்வரை ஆழத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். உதாரணமாக, தெரிந்த கரைசலில் 100 மில்லிக்கு 4 மில்லிகிராம், ஆழம் 20 மில்லிமீட்டர். தெரியாத கரைசல் 16 மில்லிமீட்டர் ஆழத்திலேயே அதே நீலமாகத் தெரிகிறது. அப்படியானால் 4 × 20 ÷ 16 = 5 மில்லிகிராம். அவ்வளவுதான்! நாம் போடும் பெருக்கல் வகுத்தல்தான்.

இந்த அளவு முறை கையில் இருந்ததால்தான் 1927ல் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளையும், 1929ல் ஏ.டி.பி.யையும் கண்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தார். நாம் ஓடுவதற்கும் நாற்று நடுவதற்கும் உடம்புக்குச் சக்தி தருவது இதுதான்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. 1940ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே அவருடைய குழு 1945ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கும், ஒருவகை ரத்த சோகைக்கும் அது மருந்தானது.

1947ல் யானைக்கால் நோய்க்கு டி.இ.சி. மருந்தை அவர் குழு வெளியிட்டது. இது நம்ம டெல்டாவுக்கு ரொம்ப முக்கியம். வீங்கிய காலோடு நடந்தவர்களைப் பற்றி நம் தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள். பக்கத்துக் காரைக்காலில் 1980களில் இந்த மருந்தைச் சமையல் உப்பிலேயே கலந்து கொடுத்தார்கள். சீனாவில் 0.3 சதவீதம் கலந்தார்கள். ஒரு கிலோ உப்பில் 3 கிராம்தான். குறைந்தால் ரத்தத்தில் உள்ள புழு சாகாது. கூடினால் வாந்தி, தலைசுற்றல் வரலாம். செறிவு என்பது பரீட்சைக்கு மட்டும் இல்லை என்று இப்போது புரிகிறதா?

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே சுப்பாராவ் இறந்தார். ஊருக்குத் திரும்பி வரவே இல்லை. நோபல் பரிசும் கிடைக்கவில்லை. 1995ல் நம் அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

கடைசியாக ஒரு உண்மையைச் சொல்கிறேன். வாரம் ஒருநாள் நமக்குத் தரும் நீல மாத்திரையை நான் ஒருதடவை ஜன்னல் வழியா வீசியிருக்கேன். அதில் இரும்புச் சத்து 60 மில்லிகிராம், போலிக் அமிலம் அரை மில்லிகிராம். அந்த அரை மில்லிகிராமுக்குப் பின்னால் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்த ஒருத்தரின் உழைப்பு இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. இனிமேல் வீச மாட்டேன். நீங்களும் வீசாதீங்க.

உங்களுக்கு ஒரு கணக்கு: 0.3 சதவீத மருந்து கலந்த உப்பை ஒருவர் ஒரு நாளைக்கு 10 கிராம் சாப்பிட்டால், அவர் உடம்பில் எத்தனை மில்லிகிராம் மருந்து சேரும்? விடையை என்னிடம் வந்து சொல்லுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, நீடாமங்கலம்