கர்ட் லெவின்

ஸ்தாபனங்களைச் சீர்படுத்த ஆலோசனை கூறுவது இன்று ஒரு தனித் தொழிலாகிவிட்டது. ஆலைகளும் அரசாங்க இலாகாக்களும் அத்தகைய ஆலோசகர்களை நாடுகின்றன. இத்தொழிலுக்கு அஸ்திவாரமிட்டவர்களில் முதன்மையானவர் கர்ட் லெவின். பிறரை மாற்றப் புகுவோர் தம்மையும் சோதனைக்கு உட்படுத்திக்கொள்ளக் கடமைப்பட்டவர் என்பதே அவர் வாழ்க்கையின் சாரம்.

1890-ம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி, அக்காலத்தில் பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த மொகில்னோ என்னும் சிற்றூரில், ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். முதல் மகா யுத்தத்தில் ஜெர்மன் சேனையில் சேர்ந்து காயமுற்றார். பின்னர் பெர்லின் சர்வகலாசாலையில் மனோதத்துவம் போதித்துப் புகழெய்தினார். ஹிட்லர் ஆட்சியில் யூதர்களுக்கு வாழ்வில்லை என்று கண்டு, 1933-ல் அமெரிக்கா சென்றார். அவருடைய தாயார் நாஜிகளின் முகாமில் மாண்டார்.

சர்வாதிகாரத்தின் கொடுமையை அனுபவித்தவர் அதன் தன்மையை ஆராயத் தலைப்பட்டதில் வியப்பில்லை. 1930-களின் இறுதியில் ஐயோவா சர்வகலாசாலையில், லிப்பிட், வைட் என்போருடன் சேர்ந்து, சிறுவர் குழுக்களைக் கொண்டு அவர் நடத்திய சோதனை பிரசித்தமானது. தலைவர் அதிகாரம் செலுத்திய குழுவில், அவர் அறையைவிட்டு நீங்கியதும் வேலை தளர்ந்தது. கலந்து பேசி முடிவு செய்த குழுவிலோ அவர் இல்லாதபோதும் வேலை நடந்தது.

இரண்டாவது மகா யுத்த காலத்தில், அமெரிக்கர் ஒதுக்கிவந்த இருதயம், குண்டிக்காய் முதலிய இறைச்சிவகைகளைச் சமைக்கும்படி இல்லத்தரசிகளைத் தூண்ட வேண்டியிருந்தது. பிரசங்கம் மட்டும் கேட்டவர்களில் 100-க்கு 3 பேரே அவ்வாறு செய்தனர். தாமே கூடிப் பேசித் தீர்மானித்தவர்களில் 100-க்கு 32 பேர் செய்தனர். உபதேசத்தைவிடப் பொறுப்பே மனிதனை மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுவதில்லை.

இவையெல்லாம் பிறரைப் பற்றிய ஆராய்ச்சிகள். ஆராய்ச்சியாளரையே சோதித்த சந்தர்ப்பம் 1946-ம் வருஷக் கோடையில் வாய்த்தது. இன, மத துவேஷங்களை எதிர்க்கும் ஊழியர்களுக்காக, கனெக்டிகட் மாகாணத்தில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. பகலில் கண்டவற்றை ஆராய்ச்சியாளர்கள் மாலையில் தனியே கூடி விவாதிப்பது வழக்கம். பயிற்சி பெற வந்தவர்களில் சிலர் தாமும் வந்து கேட்கலாமா என்றனர். சகாக்கள் சங்கடப்பட்டபோதிலும் லெவின் இசைந்தார். தம்மைப் பற்றிக் கூறப்பட்டது சரியன்று என அவர்களில் ஒருவர் மறுத்தபோது, அந்த மறுப்பையும் ஆராய்ச்சிக்குரிய விஷயமாக அவர் ஏற்றார். மறுநாள் முதல் மேலும் பலர் வந்தனர்.

ஒருவரைப் பற்றிய சாட்சியத்தை அவர் அறியாமல் விசாரிப்பது நியாயமாகாது என்பது நீதிமன்றங்களில் பழகிய விதி. நிபுணர்களின் அறைக்கும் அவ்விதி உண்டு என்பதை அந்த மாலைப்பொழுதுகள் காட்டின.

1947 பிப்ரவரியில், 56-வது வயதில், லெவின் திடீரென மறைந்தார். அவ்வருஷக் கோடையிலேயே, மெய்ன் மாகாணத்துப் பெத்தெல் நகரில், அவருடைய சகாக்கள் அம்முறையில் பயிற்சி முகாமைத் தொடங்கினர். அங்கிருந்தே இம்முறை பல தேசங்களுக்கும் பரவிற்று. தம் குறிப்பேட்டைப் பிறர் பார்வைக்குத் திறந்து வைக்கத் துணியாதவர் எத்தனை பட்டங்கள் பெற்றிருப்பினும் இத்தொழிலில் வளரமாட்டார்.