தலைச்சுற்றலின் காரணம் ஆய்ந்த மருத்துவர் இராபர்ட் பாரானி

தட்டாமாலை சுற்றி நின்றவுடன் நிலமே சுழல்வதுபோல் தோன்றுவதை மாணவச் செல்வங்கள் நன்கறிவர். விளையாட்டில் வரும் மயக்கம் சில நொடிகளில் நீங்கிவிடும். நோயினால் வரும் தலைச்சுற்றலோ அப்படியன்று. எழுந்து நிற்கவும் அஞ்சுவோர் உளர். விடியுமுன் ஈர மண்ணில் பால்மரம் சீவச் செல்லும் ஒருவருக்கு இந்நோய் வந்தால் அவர்தம் பிழைப்பு என்னாகும் என்பதை நம் தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்நோயை ஆராய எளிய வழியொன்றைக் கண்ட இராபர்ட் பாரானி, 1876ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் வியன்னா நகரில், ஆறு பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். தந்தையார் பண்ணைத் தோட்டம் ஒன்றின் நிருவாகி. நம் வழக்கில் சொல்வதானால் துரை. இளமையிலேயே எலும்புருக்கி நோய் தாக்கியதால் பாரானியின் முழங்கால் ஒன்று மடங்காமற் போயிற்று. ஆயினும் அவர் மலையேறினார், டென்னிஸ் ஆடினார், வகுப்பில் முதல்வராகவே திகழ்ந்தார். 1900இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1903இல் வியன்னாவின் புகழ்மிக்க காது மருத்துவமனையில் சேர்ந்தார்.

அங்கே நோயாளிகளின் காதை நீர் பீய்ச்சிக் கழுவுவது அன்றாடப் பணி. அவ்வேளையில் பலருக்குத் தலை சுற்றியது. கண்மணிகள் ஒரு பக்கமாகத் துடித்தன. மற்றவர் பொருட்படுத்தாத இதனைப் பாரானி கூர்ந்து நோக்கினார். நீர் குளிர்ந்திருந்தால்தான் தலை சுற்றுகிறது என்று முறையிட்டார் ஒரு நோயாளி. சூடான நீரைப் பீய்ச்சியபோதும் அவருக்குத் தலை சுற்றவே, பாரானி அவர் கண்களை உற்றுப் பார்த்தார். அவை இப்போது எதிர்ப்பக்கமாகத் துடித்தன!

காரணம் இதுதான். உட்செவியில் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது அந்நீர்மம் அசைந்து, நாம் எப்பக்கம் திரும்புகிறோம் என்பதை மூளைக்கு அறிவிக்கிறது. அண்டாவில் காயும் வெந்நீர் மேலெழுவதையும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதையும் தாய்மார்கள் கண்டிருப்பர். அவ்வாறே காதினுள்ளும் சூடும் குளிரும் அந்நீர்மத்தை அசைக்க, அசையாத தலை சுழல்வதாக மூளை ஏமாறுகிறது. குளிர்ந்த நீரும் வெந்நீருமே கருவியாக, எக்காது பழுதுற்றது என்று அறியலாயிற்று. இக்கண்டுபிடிப்பை 1906இல் அவர் வெளியிட்டார். இன்றும் மருத்துவர்கள் இச்சோதனையைச் செய்து வருகின்றனர்.

முதல் உலகப் போரில் மடங்காத காலுடன் படை மருத்துவராகச் சென்ற பாரானி, 1915இல் இரசியரிடம் சிறைப்பட்டார். மத்திய ஆசியாவின் மெர்வ் நகரில் மலேரியா காய்ச்சலுக்கும் ஆளானார். அந்நிலையிலும் சக கைதிகளுக்கும் அவ்வூர் மக்களுக்கும் மருத்துவம் செய்தார். 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு தமக்கு வழங்கப்பட்ட செய்தி சிறையிலேயே அவரை எட்டியது. சுவீடன் நாட்டு இளவரசர் கார்ல், செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாக முயன்று 1916இல் அவரை மீட்டார். அதன்பின் சுடாக்கோமில் மன்னர் கையால் பரிசைப் பெற்றார்.

பரிசுடன் வியன்னா திரும்பியவருக்குப் பாராட்டு கிட்டவில்லை. பிறருடைய ஆய்வை மறைத்தார் என்று உடன் பணிபுரிந்தோர் சிலர் பழி சுமத்தினர். படித்தோரிடையேயும் பொறாமை உண்டு போலும். மனம் நொந்த பாரானி 1917இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் சென்று, இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். அறுபதாம் பிறந்தநாளுக்கு இரு வாரமே இருக்கையில், 1936 ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்தார்.

பழுதைக் கண்டறிய வழி காட்டிய பாரானியின் காலத்தில், முற்றிலும் செயலிழந்த உட்செவிக்கு மாற்று இல்லை. அமெரிக்காவின் சான்சு ஆப்கின்சு மருத்துவர்கள் 2016 முதல், தலையின் அசைவை உணர்ந்து மின்துடிப்பால் காது நரம்புக்கு அறிவிக்கும் சிறு கருவியை நோயாளிகளுக்குப் பொருத்தினர். எண்மரிடம் கண்ட பயனை 2021இல் வெளியிட்டனர். அவர்தம் நடையும் நிலையும் சீர்பட்டன. ஆனால் ஒருவரைத் தவிர மற்றெல்லோருக்கும் அந்தக் காதின் கேட்கும் திறன் குறைந்தது. அக்குறையை நீக்கும் ஆய்வு இன்னும் நடைபெற்று வருகிறது.