பொன் விளைந்த ஊரில் வள்ளியம்மையின் கல்லறை

திருச்சிக்குக் கிழக்கே அரியமங்கலம். பக்கத்தில் பொன்மலை. பெயர்தான் பொன்மலை, அங்கே பொன் கிடையாது. ரெயில்வே தொழிற்சாலைதான் உண்டு!

ஆனால், நிஜமாகவே பொன்னின் மீது எழுந்த ஊர் ஒன்று உண்டு. அதுதான் தென் ஆப்பிரிக்காவில் உள்ள ஜோகன்னஸ்பர்க்.

1886-ம் ஆண்டு அங்கே பூமிக்கு அடியில் தங்கம் இருப்பது தெரிந்தது. அதுவரை வெறும் புல்வெளியாகக் கிடந்த இடத்தில் நாலா திசையில் இருந்தும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். அந்தச் சுரங்க ஊரை நம்பிக் கடை வைத்தும், காய்கறி சுமந்து விற்றும், துணி வெளுத்தும் பிழைத்தவர்களில் தமிழர்கள் பலர்.

அவர்களில் ஒருவர் முனுசாமி முதலியார். அவர் குடும்பத்தின் பூர்வீகம் தரங்கம்பாடி அருகே உள்ள தில்லையாடி. 1898 பிப்ரவரி 22-ந் தேதி அவருக்கு ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் வள்ளியம்மை.

மூன்று பவுன் வரி

தென் ஆப்பிரிக்காவில் இந்தியருக்குத் தொல்லைக்கு மேல் தொல்லை. விரல் ரேகை பதிய வேண்டும். மாகாணம் விட்டு மாகாணம் போக அனுமதி வேண்டும். நேட்டாலில் ஒப்பந்தக் கூலியாக இருந்து விடுதலை பெற்றவர் ஆண்டுதோறும் மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும். மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். கூலியோ மாதம் 10 ஷில்லிங், 14 ஷில்லிங்! ஏழை எங்கே போவான்?

1913 மார்ச்சில் இன்னோர் இடி விழுந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். தாலி கட்டி வாழ்ந்த பெண்கள் எல்லாம் சட்டத்தின் முன் மனைவியர் அல்ல என்றாகி விட்டது. பெண்கள் கொதித்தார்கள். காந்தி அடிகளின் அறப்போரில் சேர்ந்தார்கள்.

முதல் அணியில் 11 பெண்கள். இவர்களில் சிலர் கைக்குழந்தையோடு போனார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரிடம் பேசினார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது! பெண்கள் சிறைக்குப் போனார்கள்.

அடுத்த அணியில் தாயுடன் புறப்பட்டாள் வள்ளியம்மை. அப்போது அவளுக்கு வயது 15. ஊர் ஊராகப் போய்ப் பேசினாள். டிசம்பரில் பிடிபட்டாள். மூன்று மாதக் கடுங்காவல். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறை.

காந்தி அடிகளை 1893-ல் ரெயிலில் இருந்து இறக்கி விட்டார்களே, அதே ஊர்தான்.

சிறையில் மோசமான சாப்பாடு. துணி துவைக்கும் வேலை. போன சில நாட்களிலேயே அவளைக் காய்ச்சல் பற்றியது. முன்னதாகவே விட்டு விடுகிறோம் என்றார்கள் அதிகாரிகள். அவள் மறுத்து விட்டாள். வள்ளியம்மை வீர வசனம் பேசியதாகக் கதைகள் பல உண்டு. வசனம் இருக்கட்டும். காய்ச்சலில் துடிக்கும் சின்னப் பெண், திறந்த கதவு வழியே போக மாட்டேன் என்றாளே, அது போதாதா!

1914-ல் விடுதலையாகி வீடு வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண், எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். பார்க்க வந்த காந்தி அடிகள், சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார். இப்போது கூப்பிட்டாலும் போகத் தயார் என்றாள் அவள். பிப்ரவரி 22, அவள் பிறந்த தேதி. அன்றே உயிர் பிரிந்தது. வயது 16.

பக்கத்து ஊர்க்காரன் போல

வள்ளியம்மையை அடக்கம் செய்த பிராம்பான்டீன் கல்லறைத் தோட்டத்தில் அதற்கு முன்பே இன்னொரு தமிழ்ப் பிள்ளை உறங்கிக் கொண்டிருந்தான். சாமி நாகப்பன். வயது 18. 1909 ஜூனில் சிறைப்பட்டு ரோடு போடும் வேலை செய்தவன். ஜூன், ஜூலை அங்கே கடும் குளிர்காலம். விடுதலையான சில நாட்களில், ஜூலை 6-ந் தேதி நிமோனியாவில் இறந்தான்.

வள்ளியம்மை இறந்த அதே ஆண்டின் நடுவில் மூன்று பவுன் வரி ஒழிந்தது. நம்மவர் திருமணங்களும் சட்டப்படி செல்லுபடியாயின. ஜூலை 15-ந் தேதி இரண்டு கல்லறைகளிலும் நினைவுக் கற்களைக் காந்தி அடிகள் திறந்து வைத்தார். மூன்றாம் நாள் கப்பல் ஏறினார். மறு ஆண்டு, 1915-ல், தில்லையாடிக்கே வந்தார்.

1997-ல், நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகு, அந்தக் கல்லறைகளைப் புதுப்பித்தார்கள். தென் ஆப்பிரிக்கா இன்று பாடும் தேசிய கீதத்தின் முதல் பகுதியை இயற்றிய ஈனாக் சொண்டோங்காவின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது.