சீகன்பால்கு ஐயரும் தமிழ் வேதாகமமும்

போனக்காடு போன்ற மலைத்தோட்டங்களில் நம்மவர் ஒரே லயத்தில் அடுத்தடுத்துக் குடியிருந்து வாழ்ந்தவர்கள். ஒரு வீட்டு வேதபுத்தகத்தில் தோபித்து ஆகமம் இருக்கும்; அடுத்த வீட்டுப் புத்தகத்தில் இராது. இவ்வேற்றுமையின் வரலாற்றை அறிய விழையும் அன்பர்கள் சீகன்பால்கு ஐயரின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் 1682-இல் பிறந்த இப்பெரியார், டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பெற்று, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். சிறுவரோடு மணலில் அமர்ந்து தமிழெழுத்துப் பயின்றார். டேனியக் கோட்டைத் தலைவரின் சினத்துக்கு ஆளாகி நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். 1708-இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-இல் முடித்தார். கடல் கடந்து வந்த அச்செழுத்துகளோ பருத்தவை, காகிதமோ குறைவு. ஆதலின் சிறிய எழுத்துகளை இங்கேயே ஈயத்தில் வார்த்து, 1715-இல் நூலை வெளியிட்டனர். பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரை பெயர்த்த நிலையில், 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், தம் 36-ஆம் வயதில் ஐயர் மறைந்தார்.

எஞ்சியதைச் செய்து முடித்தவர் சூல்ட்சே ஐயர். 1728-இல் நிறைவுற்ற அப்பதிப்பில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய நூல்களும் இடம்பெற்றன! சீர்திருத்தச் சபையார் இவற்றைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட்டனர் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. யூதரின் எபிரேயத் திருமுறையில் இல்லாமையால் லூத்தர் இவற்றை வேதத்துக்கு ஒப்பாகக் கொள்ளவில்லை. ஆயினும் வாசித்தற்குரிய நல்ல நூல்கள் எனக் கருதி, 1534-இல் வெளிவந்த தம் ஜெர்மன் வேதாகமத்தில் இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்தார். கிரேக்க வேதத்தின் வழியாகத் தொன்றுதொட்டு வாசித்துவந்த கத்தோலிக்கத் திருச்சபையோ, 1546-இல் திரெந்துச் சங்கத்தில் இவற்றை வேதமென்றே உறுதிசெய்தது. தரங்கம்பாடியார் சென்றது லூத்தர் வழி.

பிளவை நம் வீடுகளுக்குக் கொணர்ந்தது பின்னர் எழுந்த ஒரு முடிவேயாம். இந்நூல்கள் அடங்கிய பதிப்புகளுக்குப் பொருளுதவி செய்வதில்லை என 1826-இல் லண்டன் வேதாகமச் சங்கம் தீர்மானித்தது. அச்சங்கத்தின் துணையால் அச்சான தமிழ் வேதாகமங்களே பெரிதும் பரவின. தரங்கம்பாடிப் பதிப்பில் தோபித்தின் கதையை வாசித்தவர்களின் வழித்தோன்றல்கள் அவன் பெயரையும் கேளாமல் வளரலாயினர்.

இரு சபை அறிஞரும் கூடி ஆக்கி, 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இந்நூல்கள் இணைத் திருமுறை என்னும் பெயருடன் மீண்டும் சேர்ந்தன. அவற்றுக்குக் கிடைத்த இடம் இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே, லூத்தர் வைத்த அதே இடம்.