மணி பார்த்து மருந்து கொடுத்த அம்மையார்

இனி வைத்தியம் இல்லை என்று தெரிந்துவிட்டால், பெரிய டாக்டர் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போய்விடுவார். ஆஸ்பத்திரி வாசலை மிதித்த எல்லோரும் இதைப் பார்த்திருப்போம். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார்.

1918-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி, லண்டனுக்கு வடக்கே பார்னெட் என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தபோது உலகப்போர் மூண்டது. படிப்பை விட்டுவிட்டு, லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சிக்குச் சேர்ந்தார். 1944-ல் தேறினார். ஆனால் முதுகுவலி பிடித்துக்கொண்டது. நோயாளிகளைத் தூக்கிப் புரட்ட உடம்பு இடம் தரவில்லை. ஆகவே நோயாளிகளின் வீட்டுக் கஷ்டங்களைக் கேட்டு உதவும் ஆஸ்பத்திரி வேலைக்கு மாறினார்.

ஒரு ஜன்னல்

அங்கேதான் டேவிட் டாஸ்மாவைச் சந்தித்தார். போலந்து நாட்டு யூதர். ஓட்டலில் சர்வர். வயது 40. புற்றுநோய். லண்டனில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. பிழைக்க வந்த ஊரில் தனியாகச் சாவது என்ன என்பதை நம்மில் பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சிசிலி அடிக்கடி போய்ப் பார்த்தார். இப்படிப்பட்டவர்கள் வலி அடங்கி, மனம் அமைதியாகிக் கண்மூட ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். 1948 பிப்ரவரியில் டாஸ்மா இறந்தார். தன்னிடம் இருந்த 500 பவுனை சிசிலிக்கு எழுதி வைத்திருந்தார். வரப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஜன்னலுக்குப் பணம் கிடைத்தது. சுவர் எழும்ப 19 ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே, ஏழைகள் சாகும் காலத்தில் தங்கும் செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். அங்கே ஓர் அதிசயத்தைக் கண்டார். நோயாளி கதறும்வரை நர்சுகள் காத்திருக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்புமுன்பே மார்பியா மருந்தைக் கொடுத்தார்கள். பெரிய டாக்டர்களுக்குத் தோன்றாதது இந்த நர்சுகளுக்குப் பழக்கமாக இருந்தது! ரயில்வேக்காரனான எனக்கு இது சுலபமாகப் புரிகிறது. வண்டி நேரத்துக்கு வந்துவிட்டால் பிளாட்பாரத்தில் கூச்சல் ஏது?

என் பெரியப்பா கடைசி நாட்களில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ராத்திரி அவர் கத்தினால்தான் ஊசி. நர்சம்மாவைக் குறை சொல்லமாட்டேன். வலி வந்தால் கொடு என்றுதான் சீட்டில் எழுதியிருந்தது.

33 வயதில் மாணவி

இந்த வேலையையே செய்யப்போகிறேன் என்று சிசிலி கிளம்பியபோது, பாரெட் என்ற அறுவை சிகிச்சை டாக்டர் தடுத்தார். நர்சு சொன்னால் டாக்டர்கள் காதில் ஏறாது, சாகிறவர்களைக் கைவிடுவதே டாக்டர்கள்தான், ஆகவே நீயே டாக்டருக்குப் படி என்றார். 1951-ல், 33 வயதில், சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து வைத்தியம் படித்தார். 1957-ல் டாக்டரானார்.

அடுத்த ஆண்டு, கிழக்கு லண்டனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்துக்குப் போனார். அவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் ஒழுங்கான குறிப்பேடு இல்லை. மணிக்கணக்கில் மருந்தும் இல்லை. சிசிலி அதிகாரம் செய்யவில்லை. சில நோயாளிகளுக்கு மட்டும் முறைப்படி கொடுத்துக் காட்டினார். கதறியவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசினார்கள். அப்புறம் சகோதரிகளே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். போதைக்கு அடிமையாகிவிடுவார்கள் என்று டாக்டர்கள் பயந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளை எழுதி வைத்து, அந்தப் பயம் வீண் என்று காட்டினார்.

1967 ஜூலையில், தென்கிழக்கு லண்டன் சிடன்ஹாமில், 54 படுக்கைகளுடன் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. டாஸ்மாவின் ஜன்னலும் வந்தது. வலி உடம்பில் மட்டும் இல்லை, பிள்ளைகளை நினைத்தும் கடனை நினைத்தும் வலிக்கும் என்பது அவர் கொள்கை. அந்த வலியை நோயாளி டாக்டரிடம் சொல்லமாட்டார். படுக்கை விரிக்கும் நர்சிடம்தான் சொல்வார். ஆகவே நர்சுகளின் பேச்சும் சபையேறியது. தினமும் சாவைப் பார்க்கும் ஊழியர்களுக்கும் துக்கம் உண்டே! அவர்கள் மனதைக் கவனிக்கப் பார்க்ஸ் என்ற மனநல டாக்டரை வைத்தார். 1969-ல் நர்சுகள் வீடுகளுக்கே போகத் தொடங்கினார்கள்.

இங்கே பார்த்துவிட்டுப் போன டாக்டர் மவுண்ட், 1975-ல் கனடாவின் மான்ட்ரீல் நகரில் பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளேயே இப்படி ஒரு பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் இல்லம் 1986-ல் நம் மும்பை பாந்த்ராவில் சாந்தி அவேத்னா என்ற பெயரில் வந்தது. ஆனால் 1985-ம் ஆண்டு போதை மருந்துச் சட்டத்தால் மார்பியா கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. அந்தச் சட்டத்தைத் தளர்த்த 2014 ஆயிற்று. அதுவரை எத்தனை பேர் கதறியிருப்பார்கள்!

சிசிலி 1980-ல், 61-வது வயதில், போலந்து ஓவியர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். கணவரும் 1995-ல் இதே இல்லத்தில்தான் காலமானார். பிறகு சிசிலிக்கே புற்றுநோய் வந்தது. 2005-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, 87-வது வயதில், தான் கட்டிய இல்லத்தின் படுக்கையொன்றில், அங்கிருந்த நர்சுகளின் கவனிப்பில் அவர் கண்ணை மூடினார்.